பேட்டரிக்கு ஏன் இத்தனை தாகம்? வாசகர் கேள்வி பதில்

ஃபோர்க்லிப்ட், கோல்ஃப் திடல் பக்கி, முதியவர்கள் ஓட்டும் மின்வண்டி என ஈய-அமில பேட்டரியில் ஓடும் வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஊற்றும் தண்ணீர் எங்கே போகிறது, அதைக் குறைக்க வழி உண்டா? உண்டு. பெரும்பாலும் சார்ஜர் பக்கம்தான் தேட வேண்டும்.

சிங்கப்பூரின் துவாஸ் கிடங்கு ஒன்றில் வண்டிப் பராமரிப்பு என் பொறுப்பு. 48 வோல்ட், 500 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு வாரம் 6 லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். "நம்ம ஊர் வெயிலுக்கு ஆவியாகத்தான் செய்யும்" என்கிறார் மேலாளர். சரிதானா? (வாசகர், துவாஸ்)

வெயிலில் ஆவியாவது சொற்பம். தண்ணீரைத் தின்பது மின்சாரம். பேட்டரி நிரம்பிய பிறகும் சார்ஜர் தள்ளும் மின்சாரத்தைச் சேமித்துவைக்க உள்ளிருக்கும் ஈயத் தகட்டில், அதாவது பிளேட்டில், இடமில்லை. அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. இதற்குக் கணக்கு உண்டு. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஓர் ஆம்பியர்-மணி. மிகையாகப் போகும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் ஒரு செல்லில், அதாவது பேட்டரியின் ஓர் அறையில், 0.336 கிராம் தண்ணீர் போகும். உங்கள் பேட்டரியில் 24 செல். ஆக, ஓர் ஆம்பியர்-மணிக்கு ஏறத்தாழ 8 கிராம்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். ஒரு நாள் வேலையில் 80 விழுக்காடு, அதாவது 400 ஆம்பியர்-மணி, இறங்குகிறது என்று வையுங்கள். வழக்கமான சார்ஜர் எடுத்ததைப்போல் 1.2 மடங்கு திருப்பிக் கொடுக்கும். 80 ஆம்பியர்-மணி மிகை. 80 பெருக்கல் 8, ஒரு நாளைக்கு 640 மில்லிலிட்டர். வாரம் ஆறு நாள் ஓடினால் 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இது குறையற்ற பேட்டரி, குறையற்ற சார்ஜர் குடிக்கும் அளவு. நீங்கள் ஊற்றுவது 6 லிட்டர் என்றால், வாரத்துக்கு 250 ஆம்பியர்-மணிக்கு மேல் வீணாகப் போகிறது. மின்கட்டணமும் வீண், பேட்டரியும் சீக்கிரம் தேயும். வண்டி பாதிச் சார்ஜ்தான் இறங்குகிறது என்றாலோ வாரம் இரண்டரை லிட்டர் போதும். அப்போது 6 லிட்டர் என்பது கவலைப்பட வேண்டிய எண்.

அந்த மிகை எங்கே ஏறுகிறது என்று பார்க்க, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று போதும். சார்ஜ் முடியும் தறுவாயில், நடுவரிசைச் செல் ஒன்றில் அரை மணிக்கு ஒருமுறை அடர்த்தி பாருங்கள். தொடர்ந்து மூன்று முறை எண் மாறவில்லை என்றால் பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகும் சார்ஜர் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடுகிறதா? உங்கள் 2 லிட்டர் அங்கேதான் போகிறது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகைச் சார்ஜரில் இது அடிக்கடி நடக்கும். செல்லுக்கு 2.4 வோல்ட் வந்ததும் உள்ளே ஒரு ரிலே டைமரைத் தட்டிவிடும். டைமர் மூன்று நான்கு மணி நேரம் ஓடி நிறுத்தும். அந்த 2.4 வோல்ட் 25 டிகிரி பேட்டரிக்கு வைத்த அளவு. சூடான பேட்டரியின் வோல்டேஜ் இறங்கியே இருக்கும். 42 டிகிரியில் இருக்கும் பேட்டரி 2.4ஐத் தொடத் தாமதமாகும். வயதானதென்றால் சில நாள் தொடவே தொடாது. டைமர் தட்டப்படாமல் காலைவரை வாயுக் குமிழி விட்டுக் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். ரிலேயின் அளவைத் தொழில்நுட்பரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லுங்கள். சார்ஜரை மாற்றும் எண்ணம் இருந்தால் பேட்டரியின் வெப்பத்தை அளக்கும் சென்சார் உள்ளதாக வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று கொப்பளிப்பதையே நிறுத்திவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பிளேட்டிலிருந்து வெளிவரும் கனமான ஆசிட் செல்லின் அடியில் போய்த் தங்கும். குமிழி மேலெழுந்து கலக்கினால்தான் அது மேலும் கீழும் சீராகும். கலக்காமல் விட்டால் அடிப்பிளேட்டில் சல்ஃபேட் இறுகிப்போகும். தண்ணீர் மிஞ்சும், பேட்டரி போய்விடும். முடிவுக் கட்டத்தில் 100 ஆம்பியர்-மணிக்கு 5 ஆம்பியர் அளவில், வேண்டிய நேரம் மட்டும் கொப்பளிக்கட்டும்.

ஏர்கான் குழாயிலிருந்து நாளெல்லாம் சொட்டும் தண்ணீரும் ஆவி குளிர்ந்த நீர்தானே? அதைப் பிடித்து ஊற்றலாமா? நியூவாட்டர்? குழாய்த் தண்ணீரே இங்கே சுத்தம்தானே? (வாசகர், காக்கி புக்கிட்)

மூன்றும் வேண்டாம். ஏர்கான் தண்ணீர் பிறக்கும்போது சுத்தம்தான். ஆனால் அது வழிந்து வருவது செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்த குளிர்சுருளின் மேல். கூடவே தூசி, பாசி. செம்பு ஒரு துளி கரைந்து வந்தாலும் நெகட்டிவ் பிளேட்டில் படிந்துவிடும். ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் பிறக்காது. அதனால்தான் இந்த பேட்டரியே வேலை செய்கிறது. செம்பு, நிக்கல், ஆன்டிமனி படிந்த இடத்தில் ஹைட்ரஜன் தங்குதடையின்றிப் பிறக்கும். காசில்லாத் தண்ணீரை ஊற்றப்போய், ஒவ்வொரு நாளும் கூடுதல் தண்ணீர் கேட்கும் பேட்டரியைச் செய்துகொள்கிறீர்கள்.

குழாய்த் தண்ணீர் குடிக்கச் சிறந்தது. அதிலுள்ள குளோரைடு பாசிட்டிவ் பிளேட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். தண்ணீர் எங்கிருந்தாவது இரும்பைக் கரைத்துக் கொண்டுவந்தால், அது இரண்டு பிளேட்டுக்கும் இடையே போய்வந்து வண்டி சும்மா நிற்கும்போதே சார்ஜைக் குறைக்கும். 2003 முதல் நமக்குக் கிடைக்கும் நியூவாட்டர், பயன்படுத்திய கழிவுநீரைச் சவ்வூடு வடித்துப் பெறும் மிகத் தூய நீர். சிலிக்கான் தொழிற்சாலைகள் அதை வாங்கி மேலும் உப்பகற்றிப் பயன்படுத்துகின்றன. அப்படி உப்பகற்றிய பிறகுதான் அது பேட்டரிக்கும் ஆகும்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு (காய்ச்சி வடித்த) அல்லது டீஅயனைஸ்டு (உப்பகற்றிய) நீர். மின்கடத்தும் திறன் சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோசீமென்ஸுக்குள் இருந்தால் நிம்மதி. கையடக்கக் கடத்துமானி ஒன்று வாங்கி, ஒவ்வொரு கேனையும் திறந்ததும் அளந்து பாருங்கள். கடையில் குடிப்பதற்கென விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் தாது எதுவும் சேர்க்கவில்லை என்று லேபிளில் இருந்தால் அவசரத்துக்கு ஊற்றலாம். மினரல் வாட்டர் கூடவே கூடாது. கேன், புனல், குவளை எல்லாம் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். தகரப் புனல் ஒன்று போதும், நல்ல தண்ணீரைக் கெடுக்க.

காலையில் வண்டி எடுக்கும் முன் தண்ணீர் நிரப்புகிறோமா, சார்ஜுக்கு முன் நிரப்புகிறோமா என்பதில் இரண்டு ஷிப்டுக்கும் சண்டை. எது சரி? பேட்டரி மேலே எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. (வாசகர், ஜூரோங்)

காலை ஷிப்டு சரி. சார்ஜ் முடிந்த பிறகுதான் நிரப்ப வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஆசிட்டின் கன அளவு கூடும். கொப்பளிக்கும் குமிழிகளும் மட்டத்தைத் தூக்கும். இரவில் காலி பேட்டரியில் விளிம்புவரை ஊற்றினால் விடியற்காலையில் மூடித் துளைவழியே பொங்கி வழியும். மேலே இருக்கும் ஈரம் அதுதான். வழிவது வெறும் தண்ணீரன்று, ஆசிட். மறுநாள் அந்த இடத்தில் நீங்கள் ஊற்றுவது தண்ணீர். இப்படி மாதம் நான்கு முறை வழிந்தால் செல்லின் ஆசிட் நீர்த்துப்போய், முழுச் சார்ஜிலும் அடர்த்தி (தண்ணீர் 1 என்றால்) 1.280 காட்ட வேண்டியது 1.250க்கு இறங்கிவிடும், வண்டி ஓடும் நேரமும் குறையும்.

ஒரு விதிவிலக்கு: சார்ஜுக்கு முன் மூடியைத் திறந்து பார்க்கையில் பிளேட்டின் தலை வெளியே தெரிந்தால், அது மறையும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டுச் சார்ஜில் போடுங்கள். காற்றுப்பட்ட நெகட்டிவ் பிளேட் சூடேறிக் கெடும். மீதியைக் காலையில் நிரப்பலாம்.

மட்டத்தை எப்படிப் பார்ப்பது? டார்ச் அடித்து, மூடித் துளையின் வழியே நேராக உள்ளே பாருங்கள். அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு தெரியும்; பிளேட்டுகள் அதன் கீழே. துளையின் கழுத்து கீழ்நோக்கிக் குழல்போல் இறங்கியிருக்கும். ஆசிட் மட்டம் அந்தக் குழலின் கீழ் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். விளிம்பைத் தொட்டுவிட்டால் ஆசிட்டின் மேற்பரப்பு சட்டென்று வளைந்து ஒரு கண்ணைப்போல் தெரியும். அப்படித் தெரிந்தால் ஏற்கெனவே கூடிவிட்டது. குவளையைச் சாய்ப்பதைவிட, அளவு தெரிந்து தானே நிற்கும் முனை கொண்ட நீர்த்துப்பாக்கி நல்லது.

இப்போதுள்ள ஈரத்தைத் துடைக்க: ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்பச் சோடாவைக் கரையுங்கள். எல்லா மூடியும் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தெளியுங்கள். நுரை அடங்கும்வரை தெளித்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து உலரவிடுங்கள். ஒரு சொட்டுச் சோடாகூட செல்லுக்குள் போகக்கூடாது. போனால் உள்ளிருக்கும் ஆசிட்டையே கொன்றுவிடும். கழுவிய நீரை வடிகாலில் விடாமல் பிடித்துவையுங்கள். ஈயம் கலந்தது அது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை கட்டாயம். கைக்காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டே பேட்டரிப் பக்கம் போங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

24 செல்லில் ஐந்தாறு செல் மட்டும் அதிகம் குடிக்கின்றன. ஒன்று மட்டும் தண்ணீரே கேட்பதில்லை. குடிக்கும் செல்களை மாற்றிவிடலாமா? (வாசகர், சுங்கை காடுட்)

நிறுத்துங்கள். சந்தேகப்பட வேண்டியது குடிக்காத அந்த ஒன்றை. உள்ளே பிளேட்டுகள் ஒன்றோடொன்று பட்டு ஷார்ட் ஆகியிருக்கலாம். ஷார்ட் ஆன செல் கொப்பளிக்காது, அதனால் தண்ணீரும் கேட்காது. சார்ஜரோ 24 செல் இருப்பதாக நினைத்து 57.6 வோல்ட் கொடுக்கிறது. அதை 23 செல் பங்கு போட்டுக்கொள்கின்றன. செல்லுக்கு 2.4 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 2.5 போகிறது. கொப்பளிக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பத்தில் ஒரு வோல்ட் மிகப் பெரிய வேறுபாடு.

சார்ஜின் கடைசிக் கட்டத்தில் மல்டிமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் மிகக் குறைவாகவும் மற்றவை 2.5க்கு மேலும் காட்டினால் தீர்ப்புக் கிடைத்துவிட்டது. அடர்த்தியும் அதில் 1.200க்குக் கீழே இருக்கும். மாற்ற வேண்டியது அந்த ஒரு செல்லை. அதையும் ஏறத்தாழ அதே வயதுள்ள செல்லால்.

எல்லாமே 2.5ஐ ஒட்டிக் காட்டி, அதிகம் குடிப்பவை நடுவில் இருக்கின்றன என்றால் அது வெப்பம். ஓரத்துச் செல்களுக்கு இரும்புப் பெட்டி வழியே சூடு இறங்கும், நடுச்செல்களுக்குப் போக்கிடமில்லை. ஐந்து டிகிரி வேறுபாடு சாதாரணம்.

ஓரத்தில் ஒரே ஒரு செல் மட்டும் தனியே குடித்தால் கசிவைப் பாருங்கள். வாயுவாகப் போனால் தண்ணீர் மட்டுமே போகும். நிரப்பியதும் அடர்த்தி பழையபடி வரும். விரிசல் வழியே கசிந்தால் ஆசிட்டும் சேர்ந்து போகும். ஒவ்வொரு முறை நிரப்பிய பிறகும் அடர்த்தி ஒரு படி இறங்கியிருக்கும். அளக்கும்போது வெப்பத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்ட வேண்டும். நிரப்பிய உடனே அளக்காதீர்கள். புதுத் தண்ணீர் மேலேயே நிற்கும். ஒரு சார்ஜ் முடியட்டும்.

மதியச் சாப்பாட்டு நேரம், தேநீர் நேரம் என்று கிடைத்தபோதெல்லாம் சார்ஜில் போடுகிறோம். நல்லதுதானே? (வாசகர், உட்லண்ட்ஸ்)

அதற்கென்றே செய்த பேட்டரியும் சார்ஜரும் இருந்தால் நல்லது. சாதாரணப் பேட்டரிக்குக் கெடுதல். சற்றே இறங்கிய பேட்டரி சார்ஜில் ஏறியதும் சீக்கிரமே கொப்பளிக்கும் கட்டத்துக்குப் போய்விடும். நாளைக்கு ஒருமுறை நடக்க வேண்டியது மூன்றுமுறை நடக்கிறது. அதைவிட முக்கியம் சூடு. முக்கால் டன் எடையுள்ள ஈயமும் ஆசிட்டும் அரை மணியில் ஆறாது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆறுதல் என்ற பழைய கணக்கு சும்மா வந்ததன்று. சிங்கப்பூரில் இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது. குளிர்நாட்டுப் பேட்டரிக்குக் கிடைக்கும் இரவுக் குளிர்ச்சி நம் பேட்டரிக்கு இல்லை. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கொப்பளிக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிக்கும். 45 டிகிரியைத் தாண்டிய பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள். சார்ஜின்போது பேட்டரிப் பெட்டியின் மூடி திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் காற்றாடி ஒன்று ஓடட்டும்.

காற்று வேறொரு காரணத்துக்காகவும் வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தால் ஒரு பொறி போதும். எவ்வளவு காற்று என்பதற்கு எளிய சூத்திரம்: 0.05 பெருக்கல் செல் எண்ணிக்கை பெருக்கல் கடைசிக் கட்ட ஆம்பியர். 24 செல், 25 ஆம்பியர் என்றால் மணிக்கு 30 கனமீட்டர். ஒரே அறையில் நான்கு பேட்டரி சார்ஜ் ஆனால் 120. ஹைட்ரஜன் மேலே போகும். வெளியேற்றும் துளை கூரையை ஒட்டி இருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஈக்குவலைஸ் பொத்தானை, அதாவது எல்லா செல்லையும் சமமாக்கும் கூடுதல் சார்ஜை, அழுத்தும் வழக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். செல்களுக்கிடையே அடர்த்தி 0.030க்கு மேல் வேறுபட்டால் அழுத்தலாம். வேறுபாடு இல்லாமல் அழுத்துவது தண்ணீரைக் காற்றில் விடுவதுதான்.

தண்ணீரையே திரும்பப் பிடிக்கும் மூடி இருக்கிறதாமே? சிலர் மேலே எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள். (வாசகர், ஈசூன்)

எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆசிட்டின் மேலே மிதக்கும் எண்ணெய் ஆவியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. மட்டம் இறங்கும் நாளில் பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும், ஹைட்ரோமீட்டரையும் பாழாக்கும்.

கேட்டலிஸ்ட் மூடி உண்மையான பொருள். உள்ளே பல்லாடியம் இருக்கும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தண்ணீராக்கிச் சொட்டவைக்கும். நின்ற இடத்தில் மெல்லக் கொப்பளிக்கும் பேட்டரிகளுக்கு ஏற்றது. ஃபோர்க்லிப்ட் சார்ஜின் கடைசி மணியில் வாயு வேகமாக வரும். அந்த மூடி கொதித்துப்போகும். வாங்க மாட்டேன்.

செலவு செய்வதென்றால் புதுப் பேட்டரி வாங்கும்போது காற்றுக் கலக்கி உள்ளதைக் கேளுங்கள். சிறு பம்பு ஒன்று மெல்லிய குழாய் வழியே ஒவ்வொரு செல்லின் அடிக்கும் காற்றை ஊதும். ஆசிட்டைக் கலக்கும் வேலையைக் காற்று செய்துவிடுவதால் மிகைச் சார்ஜ் 1.2 மடங்கிலிருந்து 1.07க்கு இறங்கும். முதல் கேள்வியில் சொன்ன அதே 400 ஆம்பியர்-மணிக்கு இப்போது 28தான் மிகை. நாளுக்கு 640 மில்லிலிட்டர் 225 ஆகும். கெடுவது குழாயில்தான்: ஒரு குழாய் மடங்கினால் அந்த வரிசைக்குக் காற்றும் இல்லை, கொப்பளிப்பும் போதாது, இரண்டு மாதத்தில் அங்கே மட்டும் சல்ஃபேட். மாதம் ஒருமுறை பம்பு ஓடும்போது எல்லா செல்லிலும் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

பழைய பேட்டரி புதிதில் குடித்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் குடித்தால் எந்த மூடியும் உதவாது. பாசிட்டிவ் சட்டத்தை உறுதியாக்கக் கலந்த ஆன்டிமனி வருடக்கணக்கில் கரைந்து நெகட்டிவில் படிந்துவிட்டது. அதன் வயதுக்கு அது இயல்பு. அடுத்ததை ஆன்டிமனி குறைந்த கலவையில் வாங்குங்கள்.

ஆங் மோ கியோவில் அப்பா ஓட்டும் மின்வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு. மூடியே இல்லாத வகை. ஒன்றரை வருடத்தில் பாதித் தூரம்தான் ஓடுகிறது. உள்ளே தண்ணீர் வற்றிவிட்டதாம். திறந்து ஊற்றலாமா? (வாசகர், ஆங் மோ கியோ)

திறக்காதீர்கள் தம்பி. அது ஏஜிஎம் வகை. ஆசிட் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும். பாசிட்டிவில் பிறக்கும் ஆக்சிஜன் பஞ்சின் இடைவெளி வழியே நெகட்டிவுக்குப் போய் மறுபடி தண்ணீராகும். திறந்தால் வெளிக்காற்று புகுந்து நெகட்டிவ் பிளேட் கெடும். வற்றியது உண்மையாக இருக்கலாம். ஆனால் வற்றவைத்தது சார்ஜர்.

இரண்டையும் சேர்த்து 24 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரியில் சார்ஜ் உச்சம் 28.8 முதல் 29.4 வோல்ட், நிரம்பியதும் 27 முதல் 27.6க்கு இறங்க வேண்டும். 33 டிகிரி நடைக்கூடத்தில் உச்சத்தை 0.4 வோல்ட் குறைக்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்து, பச்சை விளக்கு எரிந்து அரை மணி கழித்து அளந்து பாருங்கள். 28க்கு மேலேயே நிற்கிறதென்றால் அந்தச் சார்ஜரை இனிப் பயன்படுத்த வேண்டாம். புதுப் பேட்டரி வாங்கி அதே சார்ஜரில் போட்டால் அடுத்த ஒன்றரை வருடத்திலும் இதே கதை. இரண்டு பேட்டரியையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பழையது சீக்கிரம் நிரம்பி மேலும் வற்றும். பழையதைக் குப்பைக் குழாயில் போடாமல் விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

சார்ஜாகும்போது பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பக்கம் உப்பியிருப்பது, அழுகிய முட்டை நாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள். வண்டியில் செருகிய பிளக்கைச் சுவிட்ச் அணைத்த பிறகுதான் பிடுங்க வேண்டும். அங்கே தெறிக்கும் பொறி ஒன்றே போதும். கதவு சன்னலைத் திறந்துவிட்டு, அப்பாவை அந்த இடத்திலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். முழுதாக ஆறிய பிறகே பேட்டரியைக் கழற்றலாம்.